வெள்ளாயணி வாத்துகள்

1974 ஐப்பசியிலும் வடக்கேயிருந்து வாத்துகள் வெள்ளாயணிக் காயலுக்கு வந்திருந்தன. ஆபீஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வழக்கம்போல் பைனாகுலரோடு அவற்றைப் பார்க்கப் போனேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டது. துப்பாக்கியோடு வந்திருந்த சிலர், படித்துறையில் நின்ற ஜீப்பின் முன்னால் பதினேழு வாத்துகளைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "வெக்கமா இல்லையா ஓய்? நம்மள நம்பி வந்த பட்சிகளையா சுடுவேள்? எந்தப் பாவி உங்களுக்கு வழி சொன்னான்? அவன் கை அழுகிப் போகணும்!" என்று கத்தினேன்.

"இதாக்கும் சாரே வழி சொன்னது," என்று ஒருவன் சிரித்தபடி பத்திரிகைத் துண்டை நீட்டினான்.

'பறவைகளைக் காப்போம்' என்று தலைப்பு. எந்தப் படித்துறை, எத்தனை மணி, எத்தனை வாத்து என்று எல்லாம் விவரமாக எழுதியிருந்தது.

அடியில் என் பெயர்.