இருபதடி டிரஸ்

டெம்போ கவரைப்பேட்டையைத் தாண்டியதிலிருந்து எட்வர்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பின்னால் கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டங்களான நான்கு இரும்பு டிரஸ்கள். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டு, தன் பெயரில் பிடித்த முதல் ஆர்டர். அதுவும் யாருக்கு? கடம்பத்தூர் பரசுராமனுக்கு. அவர் நிலத்தில்தான் அப்பா ஜெயராஜ் காலமெல்லாம் கூலிக்கு உழைத்தார். அந்த வாசலில் கான்ட்ராக்டராகப் போய் நிற்பதற்காகவே இந்த வேலையை எடுத்தான் என்றாலும் பொய்யில்லை.

சும்மா இருக்க முடியாமல் அளவு டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். ஒரு தடவை கண் அதில் நின்றது. ஒரு அடிக்கு நேரே முப்பது சென்டிமீட்டர் இல்லை, கிட்டத்தட்ட முப்பதரை.

பரசுராமனின் நெற்களத்துக் கொட்டகையில் தூணுக்குத் தூண் போல்டு பதித்திருப்பது சரியாக இருபதடி. அவனே அளந்தது. பட்டறையில் வெட்டச் சொன்னதோ ஆறு மீட்டர். கும்மிடிப்பூண்டி இரும்புக் கடைகளில் ஆறு மீட்டர் பைப்பை எவன் ஆறு மீட்டர் என்று கேட்கிறான்? 'இருபதடி பைப்பு' என்றுதான் கேட்பான். பதினைந்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு, இரண்டும் ஒன்றென்றே மண்டையில் ஏறிவிட்டது. போனை எடுத்து இருபதடியை மில்லிமீட்டராகப் பெருக்கினான். ஆறாயிரத்துத் தொண்ணூற்றாறு மில்லிமீட்டர். இன்னொரு தடவை பெருக்கினான். இரக்கப்பட்டு மாறுவதற்குக் கணக்கென்ன மாமனா மச்சானா? ஒவ்வொரு டிரஸும் கிட்டத்தட்ட நாலு அங்குலம் குட்டை.

"அவ்ளோதானண்ணா?" என்றான், பக்கத்தில் இருந்து விஷயத்தைக் கேட்ட வெல்டர் ராபின். "ரெண்டு பக்கமும் துண்டுத் தகடு வெச்சி ஒட்டிடலாம். பெயிண்ட் அட்ச்சா எவனுக்குத் தெரியும்?"

"அடியில நெல்லு தூத்திக்கினு இருக்கப் போறது நம்ம ஜனம்டா. காத்தடிச்சா ஒட்டு தாங்குமா?"

எட்வர்ட் நகத்தைக் கடித்தான். வண்டி ரிப்பேர் என்று போன் செய்துவிடலாமா, இப்படியே திரும்பிவிடலாமா என்று வழியெல்லாம் மனசு அலைந்தது. அதற்குள் களம் வந்துவிட்டது.

பரசுராமன் வெளியிலேயே நின்றிருந்தார். "இன்னாப்பா, ஏத்தலாமா?"

"இல்ல சார். இருபதடிய ஆறு மீட்டர்னு போட்டுட்டேன். போல்டுல உக்காராது. வியாழக்கிழமைக்குள்ள வேற செஞ்சி எடுத்தாரேன்."

அவர் டிரஸைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், சிரித்தார். "ஜெயராஜ் மவன்தானே. வேற இன்னா வரும்?"

வழிநெடுக உடம்பை உலுக்கிய பதற்றம் எங்கே போனதென்று தெரியவில்லை. இப்போது கோபம்தான் இருந்தது.

"அளவு சொன்னது நான் சார், தப்பு என்னுது. எங்கப்பா இந்தக் களத்துல நாப்பது வருசம் உங்க நெல்ல அளந்தாரு. ஒரு மரக்கா கொறஞ்சிச்சின்னு நீங்களே சொல்ல மாட்டீங்க."

பரசுராமனின் சிரிப்பு நின்றது. திரும்பி வெறும் தூண்களைப் பார்த்தார்.

"சொல்ல மாட்டேன்," என்றார். "வியாழக்கிழம வெள்ளனவே வந்துடு."