கூண்டு மீனின் முள்

டெல்பர்ட் படகில் நின்றபடியே மீனைத் தூக்கிக் காட்டியதும், கரையில் இருந்தவர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போன வருஷம் கடலிலிருந்து ஆற்றில் ஒரு சால்மன்கூட ஏறவில்லை.

வருஷத்தின் முதல் மீனை ஊரே பகிர்ந்து தின்று, முள்ளை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஆற்றில் விடுவார்கள். அது கடலுக்குப் போய், தன்னை மரியாதையாக நடத்தினார்கள் என்று சொல்லி, தன் சனத்தை அழைத்து வரும்.

மீன் அறுப்பவள் டெல்பர்ட்டின் அக்கா வெர்னா. கத்தியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். செவுள் மூடியெங்கும் கரும்புள்ளிகள். வால் கூண்டு வலையில் உரசி உரசி நைந்திருந்தது. இது ஆற்று மீனல்ல, தப்பி வந்த பண்ணை மீன். விரிகுடாவில் மீன் பண்ணையின் கூண்டு கிழிந்த கதை ஊரறிந்ததுதான். அந்தக் கூண்டுகளில் பெருகிய, மீனை ஒட்டி உறிஞ்சும் பேன்தான் இவர்கள் ஆற்றுக் குஞ்சுகளைக் கடலுக்குப் போகும் வழியிலேயே தின்று தீர்த்தது.

"வாலப் பாக்காதக்கா, வெட்டு" என்றான் டெல்பர்ட், தணிந்த குரலில்.

"தெரிஞ்சேதான் கொண்டாந்தியா?"

"பெருசுங்கல்லாம் காலையிலருந்து குளிர்ல நிக்குதுங்க. வெறுங்கையோட எப்படி வருவேன்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனாள். வெட்டினாள்.

எல்லோரும் தின்றார்கள். பிறந்ததிலிருந்து சால்மன் தின்ற நாக்குகளை ஏமாற்ற முடியுமா?

"உப்பு சரியா இருக்கு" என்றார் லோர்ன் பெரியப்பா. அதற்குமேல் அவருக்கும் பொய் வரவில்லை.

முள் அடுக்கிய தேவதாருப் பலகையோடு வெர்னா முழங்கால் ஆழத்துக்கு இறங்கினாள். விடாவிட்டால் மீனை அவமதித்த பாவம். விட்டால் இதன் சனமல்லவா வரும்? மிச்சசொச்சம் இருக்கும் குஞ்சுகளும் போய்விடும். ஊரே அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முள்ளைத் தன் கழுத்துத் துணியில் சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டு கரையேறினாள்.

"இத அனுப்ப மாட்டேன். வீட்டுப் பின்னால பொதைக்கிறேன்" என்றாள்.

யாரும் தடுக்கவில்லை. டெல்பர்ட் மட்டும் பின்னாலேயே வந்தான்.

"அப்ப நம்ம மீனுங்களுக்கு யாருக்கா போய்ச் சொல்றது?"

"சொன்னாக் கேக்கறதுக்கு அங்க யாராச்சும் இருக்கணுமேடா" என்றவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.