கானா காயியே

எனக்கு எந்தக் கதையும் இரண்டு பேர் பேசிக்கொண்டால்தான் மண்டையில் ஏறும். பக்கம் பக்கமாக மலையையும் மேகத்தையும் வர்ணித்திருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவேன். அவன் என்ன சொன்னான், அதற்கு இவள் என்ன சொன்னாள்? எனக்குத் தெரிந்த இலக்கியம் அவ்வளவுதான்.

இந்தியையும் அப்படித்தான் காதால் படித்தேன். எங்கள் மகன் சிவபிரகாஷ் போபாலில் வேலை பார்க்கிறான். அங்கேயே பெண்ணும் பார்த்துவிட்டான். பெண்ணின் அம்மா கீரனூருக்கு வந்து எங்களைப் பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வாராம். அந்த வீட்டில் தன் மகளோடு நாலு வார்த்தை பேச ஆள் உண்டா என்பது அவர் கவலை. என் வீட்டுக்காரர் பழனிச்சாமியோ, திருவரங்குளம் கோயிலில்தான் கல்யாணம் என்று குருக்களிடமே சொல்லிவைத்துவிட்டார்.

பள்ளிக்கூட நாளில் இந்திப் பலகையில் பூசத் தார்ச்சட்டி தூக்கிய மனுஷர், மகனுக்காக ஒரு இந்திப் புத்தகம் வாங்கினார். எல்லாம் தமிழ் எழுத்தில் இருக்கும். பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். நான் போனில் பாடம் கேட்டேன். ஓர் ஆண், ஒரு பெண், ஒரு ரயில் நிலையம். ஆணுக்கு அப்படி ஒரு குரல்! பேச்செல்லாம் அவனுடையதுதான். அவளுக்கு 'ஜீ ஹான்', அதாவது 'ஆமாங்க', அதைத் தவிர வேலையே இல்லை. அதனால் அவன் பேச்சையே மனப்பாடம் செய்தேன்.

"ஏ மாரி, கேட்டா காத்தோட போயிரும். ஆம்பளைக்கு ஒரு மாதிரி, பொம்பளைக்கு ஒரு மாதிரின்னு இதுல போட்டிருக்கான் பாரு."

"ஒங்க புத்தகம் வாயத் தொறந்து பேசுமா? போங்க அங்கிட்டு."

அந்த நாளும் வந்தது. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து பெண்ணின் அம்மாவைக் கூட்டிவந்து வாசலில் இறக்கிய மகன், "பன்னீர்க் கட்டி வாங்கிட்டு வந்துர்றேன், சமாளிங்க" என்று வண்டியைத் திருப்பிவிட்டான்.

நான் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன். "நமஸ்தே. மை ஆப்கா இந்தஜார் கர் ரஹா தா." உங்களுக்காகத்தான் காத்திருந்தேன் என்று அர்த்தம். அவர் திகைத்தார். என் உச்சரிப்பில் அசந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் கட்டைக் குரலில், "சஃபர் அச்சா ரஹா? ஜீ ஹான்!" என்றேன். பயணம் சுகமா என்று கேட்டவளும் நான், ஆமாங்க என்றவளும் நான். பாடத்தில் இரண்டும் ஒட்டியே வந்ததால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நெகிழ்ந்துவிட்டார் போல என்று நினைத்தேன்.

இலை போட்டதும் என் வீட்டுக்காரர் புத்தகத்தைப் பிரித்தார். சாப்பிடுங்க என்பதற்கு 'கானா காயியே' என்று அச்சாகியிருந்தது. அவருக்குத் தெரிந்த கானா, கானா பாட்டு ஒன்றுதான். இரண்டு சொல்லையும் அதே அழுத்தத்தோடு வாசித்தார்.

சம்பந்தி அம்மா இலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார். சாப்பாட்டுக்கு முன் பாடுவது அவர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று நானும் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

பன்னீரோடு வந்த மகன் வாசலிலேயே நின்றுவிட்டான். "என்னம்மா நடக்குது?"

"சாமி பாட்டுடா. சும்மா இரு."

பாட்டு முடிந்ததும் அவரிடம் விசாரித்தான். அவர் சிரிப்புக்கு நடுவே சொன்னதைக் கேட்டுவிட்டு மகன் எங்கள் பக்கம் திரும்பினான்.

"அப்பா, நீங்க சாப்பிடச் சொல்லல, பாடச் சொல்லியிருக்கீங்க. இந்தியில ஒரு கானா சோறு, இன்னொரு கானா பாட்டு. தமிழ் எழுத்துல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்."

"பாத்தீங்களா ஒங்க எழுத்தை!" என்று நான் துள்ளினேன்.

"நீ பேசாதம்மா. நீ பேசுனது பூராம் ஆம்பளப் பேச்சு. ரஹா தாவாம்! ரஹீ தீன்னு சொல்லணும். நம்ம ரெண்டு பேர்ல மாப்பிள்ளை யாருன்னு கேக்குறாங்க."

என் வீட்டுக்காரர் பென்சில் கோடு போட்ட பக்கத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நான் சாம்பாரைக் கிண்டினேன்.

அப்போது சம்பந்தி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் புரியவில்லை. இனியாவது பொம்பளையாகப் பேசுவோம் என்று, அந்தப் பெண்ணின் ஒரே வசனத்தை எடுத்துவிட்டேன். "ஜீ ஹான்."

அவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

"எதுக்கு சரின்ன, தெரியுமாம்மா?" மகன் தலையில் கை வைத்தான். "பேச ஆளிருக்கிற வீடு, பொண்ணத் தாரோம்னாங்க. கல்யாணத்த மட்டும் போபால்ல வச்சுக்கலாமான்னு கேட்டாங்க."

என் வீட்டுக்காரர் பரபரவென்று பக்கங்களைப் புரட்டினார். "முடியாதுங்கறதுக்கு என்னமோ போட்டிருந்தானே…"

"தேடாதீங்க" என்றேன். "ஒங்க வாயில அது என்னவா வருமோ."