குப்பம்மாள் ஊற்றிய உறை

1

இந்தக் கதை கெட்டுப்போன தயிரிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டு உறை. அவர்கள் தந்தது நல்ல தயிர்தான். என் பாத்திரத்தில் நூல் நூலாக இழுத்தது. நடுவில் என்ன புகுந்தது என்று தெரியவில்லை. தெரியாததை எழுத, விழுப்புரத்தை அடுத்த காணைக்கு, 1938க்குப் போகிறேன். ஆட்கள் கற்பனை. சந்தேகம் என்னுடையது.

2

முதல் தொடக்கம்: ஆடி மழையில் மல்லாட்டைக் கொல்லை பசுமையாக—

(வேண்டாம். பசுமை என்று எழுதினாலே கூடவே பொய்யும் வருகிறது.)

இரண்டாவது: திண்டிவனத்து விதைக்கடை ஆள் தேவசகாயம் ஒரு புட்டியோடு வந்தார். கூலிக்காரி குப்பம்மாளும் புருசன் மாரியப்பனும் முதல்முறையாகக் குத்தகைக்கு எடுத்த ஒரு ஏக்கர், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைக்கத் தயாராக இருந்தது.

"இது கிருமிம்மா. வெதையில தடவி நெழல்ல காய வெச்சு போடு. வேர்ல முடிச்சு உடும். எரு கொறைச்சலா போட்டா போதும்."

"காலராவையும் கிருமின்னுதான சொன்னாங்க?"

"அது கெட்டது. இது நல்லது."

"அது நல்லதுன்னு அதுக்குத் தெரியுமா?"

மாரியப்பன் சிரித்தான். "இவகிட்ட பேசிக்கினு நின்னா பொழுது போயிடும். புட்டிய குடுத்துட்டு கெளம்புங்க."

(தேவசகாயத்தை மோசக்காரனாக்கப் பார்த்தேன். ஆக மறுக்கிறார். நம்பித்தான் விற்கிறார். மோசக்காரனைவிட இவரிடம்தான் எனக்குப் பயம்.)

3

நான் நினைக்காததைக் குப்பம்மாள் செய்தாள். புட்டியில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல், வடித்த கஞ்சியில் உறை ஊற்றினாள். பால் தயிராகிறதே, இது மட்டும் ஏன் பெருகாது? பானை நுரைத்தது. தயிருக்குச் செய்வதுபோல் பழையதில் கொஞ்சம் மிச்சம் வைத்து, புதுக் கஞ்சி ஊற்றி, வருசம் முழுக்க வளர்த்தாள்.

(நுரைப்பதெல்லாம் புட்டியில் இருந்ததுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.)

அந்தப் போகம் காய் நன்றாகப் பிடித்தது. அடுத்த ஆடியில் விதையில் தடவ உறை கேட்டு ஊர்த்தெருக்காரர்கள் சொம்போடு வந்தார்கள். அவள் வீட்டில் தண்ணீர்கூட வாங்காதவர்கள். வாய்க்குப் போகாத உறை என்பதால் வாங்கினார்கள்.

"எனக்கு மொதல்ல ஊத்து குப்பு."

"ஒருத்தர் ஒருத்தரா வாங்க. ஜல்தி பண்ணா பானை ஒடஞ்சிடும்."

(இந்த மிடுக்கை வெட்ட நினைத்தேன். இருந்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு வேறெப்போது கிடைக்கும்?)

4

புரட்டாசியில் செடிகள் சாய்ந்தன. தண்டின் அடியில் வெள்ளை நூல். அதில் கடுகு போல உருண்டைகள். குப்பம்மாளின் ஏக்கரிலும், உறை வாங்கிய கொல்லைகளில் எல்லாமும்.

(வாங்காத ஒரு கொல்லையிலும். இதை எழுதினால் கதை குழம்புகிறது. எழுதாவிட்டால் நான் பொய்யன்.)

அவளுக்கு அந்த ஏக்கரைக் குத்தகைக்கு விட்ட நிலக்காரர் சீனுவாசன் வரப்பில் நின்று கத்தினார். "என்னாத்த கரைச்சு ஊத்தின?"

"போன வருசம் வெளைஞ்சப்போ கேக்கலியே சாமி."

"வாய் பேசாத. பானைய ஒழிச்சுட்டு வா. அப்புறம்தான் குத்தகை பேச்சு. இல்ல, பழையபடி கூலிக்குப் போ."

தேவசகாயத்தை அழைத்து வந்தார்கள். பானையை முகர்ந்தார். "நான் குடுத்தது இது இல்லம்மா."

"நீங்க குடுத்ததுலேர்ந்துதாங்க இது வந்துச்சு."

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

5

குற்றம் புட்டியில் என்று ஒரு முடிவு எழுதினேன். பானையில் என்று இன்னொன்று. நோய் முன்பே மண்ணில் படுத்திருந்தது, கஞ்சி அதற்குச் சோறு போட்டது என்று மூன்றாவது. எதையும் நான் நம்பவில்லை.

குப்பம்மாள் பானையை வாய்க்காலில்— (அடுத்த கொல்லைக்குப் போகும்.)

குப்பைமேட்டில்— (எருவாகத் திரும்பி வரும்.)

கடைசியில் அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டாள். நுரை அடங்கியது. காலிப் பானையைக் கொண்டுபோய்க் காட்டினாள். சீனுவாசன் உள்ளே பார்த்தார்.

"சரி, பானை ஒழிஞ்சுது. என் மண்ணுல ஊத்தினத எப்ப திருப்பி எடுக்கப் போற?"

அவள் சொல்லும் பதிலில்தான் அந்த ஒரு ஏக்கர் இருக்கிறது. என்னிடம் பதில் இல்லை. நீங்கள் எழுதிக் கொடுங்கள். 'நல்லது' என்ற சொல் மட்டும் அதில் வேண்டாம்.

குப்பம்மாள் சொன்னாள்: "