இருபத்து நான்காவது செடி

...இருபத்து மூன்று வகைச் செடிதானே, நேற்று சாயங்காலம்கூட பிள்ளைகள் இரண்டு முறை எண்ணினார்களே, பிறகு ஏன் முன்னால் மாட்டியிருக்கும் அட்டையில் இருபத்து நான்கு என்று இருக்கிறது, எந்த வாண்டின் வேலை இது, என்று டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கினாள். முன்வரிசையில் பெற்றோர்களோடு தலைமை ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வேலியோரம் பிள்ளைகள் கயிறு கட்டி வைத்திருக்கும் அந்தப் பாயளவு நிலத்தைச் சிமெண்டு போட்டு மூடுவதா விடுவதா என்று இன்று பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வாராம்... வெறும் களைதானே டீச்சர் என்றார் முதல் நாள், அந்த வார்த்தையைக் கோடை முகாமில் யாரும் சொல்லக்கூடாது என்று அன்றைக்கே சட்டம் போட்டாள், பெயர் தெரியாத செடியை ‘பெயர் கேட்க வேண்டியவர்’ என்று எழுதச் சொன்னாள், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பத்தே நாளில் புல்வெட்ட வந்தவரை மறித்து, அண்ணே, இவர் பேரை இன்னும் கேக்கல, கொஞ்சம் பாத்து, என்றார்கள், அவர் மிஷினை அணைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

மைக்கைப் பிடித்திருப்பது அவள் மகள். முகாமில் அம்மா என்று கூப்பிடாதே என்று சொன்னாலும் சொன்னாள், வீட்டில் சாப்பாடு கேட்கும்போதும் டீச்சர்தான், அவ்வளவு கொழுப்பு, ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் வாய் திக்கும், கடவுளே, இன்றைக்காவது திக்காமல் பேசவேண்டுமே... ‘இங்க இருபத்து மூணு வகை இருக்கு. இருபத்து நாலாவதும் இருந்துச்சு, சின்ன நீலப்பூ. வேர் எப்படி இருக்கும்னு காட்ட டீச்சர் மொத நாள் புடுங்கினாங்க. அது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சுன்னு எண்ணும்போதுதான் தெரிஞ்சுது. தெரியாம செஞ்சாங்க. சிமெண்டு போட்டா நாம தெரிஞ்சே செய்வோம்.’

சபையில் மானம் போயிற்று, காது சுட்டது, அடிப்பாவி, ராத்திரியே என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா... ஆனாலும் ஒரு சொல் திக்கவில்லையே, பெற்றவள் என்றுகூட விட்டுவைக்கவில்லையே, நான் சொல்லிக்கொடுத்ததை இதைவிட நன்றாக யார் படித்துவிடப் போகிறார்கள், அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, பக்கத்திலிருந்தவரிடம், என் பொண்ணு, என்று கேட்காமலேயே சொன்னாள். தலைமை ஆசிரியர் கட்டியிருந்த கையை எடுத்தார். ‘கயிறு இருக்கட்டும், சிமெண்டு வேணாம்’ என்றவர் திரும்பி, ‘ஏன் டீச்சர், அந்த நீலப்பூ மறுபடி மொளைக்குமா?’ என்றார். மகளும் அவளையே பார்த்தாள். விதை விழுந்திருந்தால், என்று சொல்ல வாயெடுத்தாள்... பூத்திருந்தது, காய்த்திருந்ததா, வேரைத்தானே காட்டினாள், வேலிக்கு வெளியே எறியும்போது மேலே என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லையே.