நைமிரிஸ் கஞ்சி

செடியின் அடிக்கிளைகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு சுலக்ஷனா ஈர மண்ணில் மண்டியிட்டிருந்தாள். மேலே தொங்கியதெல்லாம் பச்சைக் காய்கள். அக்கரப்பத்தனைக் குளிரில், அதுவும் தை மாதத்தில், நைமிரிஸ் மிளகாய் பழுப்பது லேசில் நடக்கிற காரியமில்லை. தண்டோடு ஒட்டி, இலைகளுக்குள் ஒளிந்துகொண்டு ஒரே ஒரு காய் மஞ்சளாகச் சுருங்கிக் கிடந்தது. காம்போடு கிள்ளினாள். கிள்ளிய மாத்திரத்தில் வாசம் விரலில் ஏறியது. காயை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு தண்ணீர் விழும் பீலிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். நாத்தனார் ஜீவராணி அங்கே தன் அப்பாவின் படுக்கை விரிப்புகளைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் கஞ்சி ஆகிவிட வேண்டும்.

உள்ளே காம்பரா அறையில் மாமனார் மாயாண்டி படுத்திருந்தார். இனி வைத்திருந்து செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உறைப்பு அறவே ஆகாது, நீர்க்கஞ்சி மட்டும் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள மஸ்கெலியாவிலிருந்து வந்திருந்த ஜீவராணி அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் அழகன் வந்து சேரும்வரை அப்பா உயிரோடு இருக்க வேண்டும். அதற்குக் குறுக்கே எதுவும் வரக் கூடாது. கரண்டி கரண்டியாக ஊட்டுவாள். பாதி கடைவாய் வழியே வழிந்துவிடும். துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டுவாள்.

அன்று காலையில் மகள் துணிகளை அள்ளிக்கொண்டு வெளியே போகும்வரை கிழவர் கண்ணை மூடியே கிடந்தார். பிறகு திறந்து மருமகளைப் பார்த்தார்.

"புள்ள, நைமிரிஸ் ஏதும் பழுத்திருக்கா?"

"பாக்கணும் மாமா."

"இருந்தா ஒன்னு கிள்ளிப் போட்டு கஞ்சி தா. வாயி செத்துப் போச்சு."

கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவர் வாய் திறந்து அவளிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சுலக்ஷனா டிக்கோயாவில் கடைத்தெருவை ஒட்டி வளர்ந்தவள். அவளுடைய அப்பாவுக்கு வயிற்றுப் புண் இருந்ததால் அந்த வீட்டுக் குழம்பில் உறைப்புக்குக் கொச்சிக்காய் பேருக்குத்தான் விழும். அழகனைக் கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிதில் அவள் ஆக்கிப் போட்டதை மாயாண்டி ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார். ஆனால் சாப்பிட உட்காரும் முன்பு லயத்து வீட்டுக்குப் பின்னால் போய் ஒரு காயைப் பறித்து வருவார். ஒவ்வொரு கவளத்துக்கும் அதை ஒரு கடி கடித்துக்கொள்வார். நறுக் நறுக்கென்ற அந்தச் சத்தம் சமையல் குசினிக்குள் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அவமானமாக இருக்கும். வாயால் நாலு வார்த்தை ஏசினாலாவது பரவாயில்லையே என்று புருஷனிடம் சொல்லி அழுதாள். அப்பா எப்போதும் அப்படித்தான், கண்டுகொள்ளாதே என்று சொல்லிவிட்டு அழகன் கொழும்புக்கு பஸ் ஏறினான்.

கிழவர் காதில் அது விழுந்ததோ என்னவோ. மறுநாள் காலையில் குசினி ஜன்னல் கட்டையில் வெளுத்த நிறத்தில் நீளமான கொச்சிக்காய்கள் கொஞ்சம் இருந்தன. யார் வைத்தது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றைக்குப் பருப்பு ஆக்கினாள். காய்களைக் கீறி அதில் போட்டாள். மாயாண்டி பின்னால் போகாமல் நேராக வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்து ஜன்னல் கட்டைதான் அவர்களுக்குப் பேச்சு. வெள்ளைக் கொச்சி இருந்தால் பருப்பு. வானத்தைப் பார்த்துக் காய்க்கிற ஊசிக் கொச்சி இருந்தால் தேங்காய்ச் சம்பல். மஞ்சள் நைமிரிஸ் இருந்தால் கருவாடு. அதை நறுக்கக் கூடாது, குழம்பை இறக்கும் முன் முழுசாக மிதக்கவிட்டு எடுத்துவிட வேண்டும் என்பதை அவளாகவே கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டாள். ஒருமுறை அவள் காய்ச்சலில் கிடந்தபோது கட்டையில் கொச்சிக்காய்க்குப் பதிலாக ஒரு கொத்து தூதுவளை இருந்தது. ஒருமுறை கொச்சிப் பாத்தியில் பாதியை எடுத்துக் குளிக்கிற அறை கட்ட வேண்டுமென்று அவள் அழகனிடம் கேட்டாள். அப்போது பல நாட்கள் கட்டை வெறுமையாகக் கிடந்தது. அவளும் விடவில்லை, வெறும் உப்புப் பருப்பையே வைத்தாள். கடைசியில் தண்ணீர்ப் பீப்பாய் இருந்த இடத்தில் அறை எழும்பியது. மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தபோது எல்லா ரகத்திலும் ஒவ்வொன்று அங்கே வரிசையாக இருந்தது.

அந்த விதைகள் மாயாண்டி தேடிக் கொண்டுவந்தவை அல்ல. அவருடைய மனைவி பூரணி மஸ்கெலியாவில் பிறந்தவள். அணை கட்டி நீர் தேக்கியபோது அவர்கள் இருந்த லயம் தண்ணீருக்குள் போனது. வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போகிற நாளில் பூரணியின் தாயார் பழுத்த கொச்சிக்காயையெல்லாம் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டாராம். பூரணி வாழ வந்தபோது அதிலிருந்து வந்த விதைகள் அவளோடு வந்தன. அவள் இருந்தவரை மாயாண்டி அந்தச் செடிகளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவருக்குக் கொச்சிச் செடி ஒரு செடியா என்பார். அவள் செத்த பிறகுதான் பைத்தியம் பிடித்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாசம் கலந்துபோகும் என்று ஒரு ரகத்தைப் பீலிக்கரையிலும், ஒன்றைக் கோயில் வேலியோரத்திலும், ஒன்றைப் பாறைக்குக் கீழேயுமாகப் பிரித்து நட்டார். விதைக்கு விடுகிற பூக்களுக்குக் கொசுவலைத் துண்டால் உறை தைத்துக் கட்டினார். மாயாண்டி கொச்சிக்காய்க்கும் முக்காடு போட்டுவிட்டாரென்று லயமே சிரித்தது. அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

கஞ்சி கொதி அடங்கியதும் சுலக்ஷனா நைமிரிஸை இரண்டாகக் கிள்ளினாள். விதைகளை உதறிவிட்டு ஒரு பாதியைப் போட்டு மூடினாள். மூடியைத் திறந்தபோது பழ வாசமும் உறைப்பும் சேர்ந்து மேலே வந்தன. ஏதாவது ஆகிவிட்டால் யார் முகத்தில் முழிப்பது? கோப்பையை ஆற்றிக்கொண்டே சற்று நேரம் அடுப்பங்கரையில் நின்றாள். பிறகு கொண்டுபோனாள்.

தலையணையில் அவரைச் சாய்த்து உட்காரவைத்து முதல் கரண்டியைக் கொடுத்தாள். அவர் உடனே விழுங்கவில்லை. வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். கண்ணோரத்தில் நீர் கோத்தது. நெற்றியில் வேர்வை அரும்பியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு விழுங்கினார்.

"பாறைக்குக் கீழ உள்ள செடிதான?"

"ஆமாங்க மாமா."

"அதான். அதுல தான் வாசம் கூட." வாயை மறுபடி திறந்தார். ஒரு சொட்டும் வழியவில்லை. கோப்பை காலியாகிற தறுவாயில் சிரிப்பது போல உதடு கோணியது. "ஒங்க அத்தையா இருந்தா ரெண்டு போட்டிருப்பா. நீ பயந்தாங்கொள்ளி."

அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கவும் ஜீவராணி ஈரத் துணிகளோடு வரவும் சரியாக இருந்தது. அப்பா அசந்து தூங்குவதைப் பார்த்து ஜீவராணியின் முகம் மலர்ந்தது. மூஞ்சி தெளிந்திருக்கிறது, அண்ணன் வரும்வரை தாங்குவார் என்று சொல்லிக்கொண்டே கொடியில் துணிகளைப் போட்டாள்.

நண்பகலில் மூச்சு மாறியது. பக்கத்து வீட்டு வீரம்மா ஓடிவந்து, தண்ணி ஊத்துங்கடி என்றாள். ஜீவராணி ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.

ஆட்கள் கூடுவதற்கு முன்னால் அப்பாவின் முகத்தைத் துடைத்துவிட ஜீவராணி ஈரத்துணியோடு குனிந்தாள். உதட்டருகே போன கை நின்றது. இன்னும் கொஞ்சம் குனிந்து மோந்து பார்த்தாள். நிமிர்ந்து, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணியைப் பார்த்தாள். ஜீவராணி துணியை மறுபடி நனைத்துப் பிழிந்து, அந்த வாயை அழுத்தித் துடைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் அழகன் வந்து சேர்ந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தான். மறுநாள் விடிந்ததிலிருந்து தப்பு மேளச் சத்தம் மலைச்சரிவில் மோதித் திரும்பியது. தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவிலிருந்தும் கீழ்க்கணக்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் கொச்சிக்காயைப் பற்றியே பேசினார்கள். ஊசிக் கொச்சியைக் கண்ணாடிப் போத்தலில் எலுமிச்சைச் சாற்றோடு அடைத்து மாயாண்டி தன் மகள் கல்யாணப் பந்திக்கு வைத்ததையும், அதைத் தின்ற மாப்பிள்ளை வீட்டார் தண்ணீர் தண்ணீரென்று பீலிக்கு ஓடியதையும் மாயாண்டியோடு வேலை செய்த சிவசாமி கிழவர் சொன்னபோது சாவு வீட்டிலும் சிரிப்பு எழுந்தது. அன்றைய மணப்பெண்ணான ஜீவராணியும் அழுத முகத்தோடு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்கியதும் அழகன் கேட்டான். "கடைசியா என்ன சாப்பிட்டாரு?"

பொதுவாகத்தான் கேட்டான். சுலக்ஷனா தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடத்தான் வேண்டும் என்று நாக்கை அசைத்தாள். அதற்குள் ஜீவராணியின் குரல் வந்தது.

"கஞ்சி குடிச்சாருண்ணே."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். அழகன் சிவசாமியோடு பந்தலைப் பிரிக்கப் போனான். சுலக்ஷனாவின் பிள்ளைகள் வீரம்மா வீட்டில் இருந்தார்கள். குசினிக்குப் பின்னால், வாசற்படியில், இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மேகமே இல்லாமல் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ஜீவராணிதான் ஆரம்பித்தாள்.

"அவரே கேட்டாரா அண்ணி?"

"ஆமா."

"குடிச்சாரா?"

"ஒரு சொட்டு வழியல. முழுக்கோப்பையும் குடிச்சாரு." சுலக்ஷனா அவள் பக்கம் திரும்பினாள். "அதனாலதான் ஆகிப் போச்சோன்னு நெனச்சு நெனச்சு நேத்துலருந்து செத்துக்கிட்டு இருக்கேன் ஜீவா. ஏசணும்னா ஏசிரு."

ஜீவராணி ஏசவில்லை. கால் பெருவிரலால் மண்ணைக் கீறினாள்.

"நானும் இங்கதான இருந்தேன்," என்றாள். "எங்கிட்ட கேக்கலையே."

மகளிடம் கேட்டால் அவள் மறுக்க வேண்டியிருக்கும், மறுத்துவிட்டுப் பின்னால் அதையே நினைத்து அழுதுகொண்டிருப்பாள் என்று கிழவர் நினைத்திருக்கலாம். அப்படி நினைத்துத்தான் கேட்காமல் இருந்தார் என்று சுலக்ஷனா எப்படிச் சொல்ல முடியும்? தெரிந்ததை மட்டும் சொன்னாள்.

"அத்தையப் பத்தி ஒரு வார்த்த பேசினாரு."

ஜீவராணி திரும்பினாள். "என்னன்னு?"

"நான் பாதிக் காய்தான் போட்டேன். அத்தையா இருந்தா ரெண்டு போட்டிருப்பாளாம். என்னயப் பயந்தாங்கொள்ளின்னாரு."

ஜீவராணிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. எந்த இடத்தில் சிரிப்பு நின்று அழுகை தொடங்கியது என்று சுலக்ஷனாவால் சொல்ல முடியவில்லை. நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா கையில் உறைப்பு தாங்காமல் சின்ன வயதில் தான் சோற்றைத் தண்ணீரில் அலசித் தின்றதை ஜீவராணி விக்கி விக்கிச் சொன்னாள். அப்பா அப்போதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாமல் அலசிய தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு வருவாராம்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வீரம்மா குரல் கொடுத்தாள். வானத்தைப் பார்த்தால் இன்றைக்குப் பனி கொட்டும் போலிருக்கிறது, செடியெல்லாம் கருகிவிடும் என்றாள்.

இருவரும் எழுந்தார்கள். செடிகளைப் போர்த்த உரப்பைகள் எங்கே இருக்கின்றன என்று தேடுவதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. ஜீவராணி கொடியில் கிடந்த விரிப்புகளை உருவிக்கொண்டு போனாள். சுலக்ஷனா பெட்டியைத் திறந்து கைக்கு வந்த பழைய சேலைகளை எடுத்தாள். பாறைக்குக் கீழே, பீலிக்கரையில், கோயில் வேலியோரத்தில் என்று ஒவ்வொரு செடியாகத் தேடிப் போய்ப் போர்த்தினார்கள். காற்றில் பறக்காமல் நுனிகளில் கல் வைத்தார்கள்.

விடிந்தபோது புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. சுலக்ஷனா தேநீரோடு பின்பக்கம் வந்தாள். ஜீவராணி அவளுக்கு முன்னாலேயே எழுந்து போயிருந்தாள். துணிகளின் மேல் பனி மொடமொடவென்று உறைந்திருந்தது. மலைக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்ததும் பூப்போட்ட சேலைகளிலிருந்து மெல்ல ஆவி எழுந்தது. ஜீவராணி பாறைக்குக் கீழே குந்தி உட்கார்ந்து அப்பாவின் விரிப்பு ஒன்றின் ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தாள். செடி கருகாமல் இருந்தது. பிறகு, தூங்குகிற ஆளின் போர்வையை இழுத்துவிடுவதைப் போல, அதை மெதுவாகக் கீழே விட்டாள்.