இடப்பக்கம் சிந்திய பால்

பாலில் தண்ணீர் கலந்திருப்பதைக் கண்டுபிடிப்பது எளிது. லாக்டோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயை அதில் மிதக்கவிட வேண்டும். பால் தண்ணீரைவிடக் கனமானது. அதனால் நல்ல பாலில் குழாய் மேலெழும்பி நிற்கும். தண்ணீர் சேர்ந்த பாலில் இறங்கிவிடும். மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் பால் சொசைட்டியில் இதைப் பார்ப்பது என் வேலை. யாராவது கேட்டால் வரிசையை நிறுத்திவைத்துக்கூட விளக்குவேன்.

எழுபத்தாறாம் வருஷம் ஆவணியில் ஒரு காலை, என் மகள் கமலாத்தாள் கொண்டுவந்த பாலில் குழாய் இறங்கியது. அவளுக்குப் பதினொரு வயது.

தண்ணீர்ப் பாலை எல்லோர் கண்முன்னும் தரையில் கொட்டி, போசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பது எங்கள் சொசைட்டி வழக்கம். சொந்த மகள் என்று விட முடியுமா? கொட்டினேன். தலையில் ஒரு குட்டும் வைத்தேன்.

"தண்ணி ஊத்துனயா?"

"ஊத்துனனுங்கப்பா. வர்ற வழியில பாலு சிந்திப்போச்சு. உங்களுக்குப் பயந்துட்டு வாய்க்கால்ல மோந்து ஊத்துனேன்."

வரிசையில் நின்ற சுப்பாத்தாள் சிரித்தாள். "ஏனம்மிணி, உங்கூட்டுல மாட்டக் கறக்கறீங்களா, வாய்க்காலக் கறக்கறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்று மாலை, "பெத்த புள்ளைன்னுகூடப் பாக்கலீங்க" என்று என்னை மெச்சினார்கள். எனக்கு அது இனித்தது. பால் ஏன் சிந்தியது என்று நான் கேட்கவில்லை.

கேட்டிருந்தால், அவள் நடக்கும்போது இடப்பக்கம் சாய்வதைப் பார்த்திருப்பேன். காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறது என்பாள், வாந்தி எடுப்பாள், பிறகு தெளிந்துவிடுவாள். பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறாள் என்றேன். என் மனைவி மருதாத்தாள் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தாள். இரண்டு மாதம் போயிற்று. ஒரு மாடு இரண்டாகத் தெரிகிறது என்று கமலா அழுதபிறகுதான் கோயம்புத்தூர் போனோம். அங்கிருந்து மதராசுக்கு அனுப்பினார்கள்.

மதராஸ் டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மூளைக்குள் தண்ணீர் ஊறி, சின்னச் சின்ன வழிகளில் ஓடிக்கொண்டே இருக்குமாம். பின்மூளையில் வளர்ந்த கட்டி அந்த வழியை அடைத்திருக்கிறது. மடை அடைபட்டால் மேல்பாத்தியில் தண்ணீர் தேங்குவதுபோல என்று எனக்குப் புரிந்தது. படுத்திருக்கும்போது அழுத்தம் கூடுவதால்தான் காலையில் வலி. நடையில் நிதானத்தைக் காப்பதும் பின்மூளைதான், அதனால்தான் சாய்வு.

"நான் குட்டுனதால வந்துதுங்களா?"

"இல்லை. குட்டினா கட்டி வராது. பிள்ளைகளுக்கு வர்ற புற்றுநோய்ல ரத்தப் புற்றுக்கு அடுத்தபடி மூளைக்கட்டிதான். ஆனா பல்லாயிரம் பிள்ளைகள்ல ஒருத்தருக்குத்தான் வரும். உங்க ஊர்ல இதுக்கு முன்னாடி யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. எங்கிட்ட மாசத்துக்கு ரெண்டு பேராவது வர்றாங்க. எல்லாரும் பூச்சி மருந்து கொடுத்துட்டுத்தான் வர்றாங்க."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் குட்டைப் பற்றித்தானே நான் கேட்டேன். கொட்டிய பாலைப் பற்றிக் கேட்கவில்லையே.

ஆபரேஷனுக்கு எட்டு நாள் இருந்தது. மாடுகளுக்கு ஏற்பாடு செய்துவர நான் ஊருக்குக் கிளம்பியபோது கமலா கேட்டாள்: "நான் ஏமாத்தறதுக்குத் தண்ணி ஊத்தலைன்னு சொசைட்டில சொல்லுவீங்களாப்பா?"

மறுநாள் காலை, பால் வரிசைக்கு முன்னால் நின்று சொன்னேன். கட்டியைப் பற்றி, சாய்வைப் பற்றி, நான் கேட்காமல் விட்டதைப் பற்றி. விளக்கத் தெரிந்த எனக்கு அன்று வாய் குழறியது.

சுப்பாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நாங்க சிரிச்சது தப்புத்தானுங்க. நீங்க பெத்தவரு. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க?"

மாடுகளுக்கு ஏற்பாடு செய்துவிட்டு மதராசுக்கு ரயிலேறினேன்.

கமலாவுக்கு மொட்டை அடித்திருந்தார்கள். "சொல்லிட்டேன் அம்மிணி. எல்லாரும் இருந்தாங்க."

"சுப்பாத்தா அத்தையுமா?"

"அவுங்களுந்தான்."

அவள் சிரித்தாள். நர்ஸ் கொடுத்த பால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். டம்ளர் இடப்பக்கம் சாய்ந்து பால் போர்வையில் கொட்டியது.

நனைந்த இடத்தை அவள் பார்க்கவில்லை. முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள்.